மெட்டு அவருடையது, பாட்டு உங்களுடையது: நாடகம் யாருடையது?

சட்ட ஆலோசனை – வாசகர் கேள்விக்குப் பதில்

திருகோணமலையிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கி, கேள்விக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

அவரும், அவர் 'மாஸ்டர்' என்று மரியாதையோடு அழைக்கும் சங்கீத ஆசிரியர் ஒருவரும் பதினொரு ஆண்டுகளாகச் சேர்ந்து இசை நாடகங்கள் செய்து வருகிறார்கள். கதை, உரையாடல், பாடல் வரிகள் எல்லாம் இவருடையவை. மெட்டமைத்து, பாடகர்களைப் பழக்கி, ஆர்மோனியத்தில் அமர்ந்து மேடையை நடத்துபவர் மாஸ்டர். இதுவரை நான்கு நாடகங்கள் மேடையேறியுள்ளன. முதலாவது, பாடசாலையின் தமிழ்மொழித் தினப் போட்டிக்காக எழுதப்பட்டது. மற்ற மூன்றையும் இவர்களுடைய சிறிய குழு திருகோணமலையிலும் மூதூரிலும் மட்டக்களப்பிலும் ஆடியது. செலவை இருவரும் கைக்காசிலிருந்து போட்டிருக்கிறார்கள். நுழைவுச்சீட்டுப் பணமும் நன்கொடையும் மாஸ்டரிடம் போயிருக்கின்றன. எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. முதல் இரண்டு நாடகங்களின் கையேட்டில் 'எழுத்து' என்று இவர் பெயரும் 'இசை' என்று அவர் பெயரும் இருந்தன. பின்னைய இரண்டிலும் 'ஆக்கமும் இசையும்' மாஸ்டர் என்றும், 'எழுத்துதவி' இவர் என்றும் மாறிவிட்டன.

இப்போது மூன்றாவது நாடகத்தை டொரொன்டோவில் உள்ள ஒரு குழுவுக்குக் கொடுக்க மாஸ்டர் சம்மதித்திருக்கிறார் என்பது இவருக்கு மூன்றாம் ஆள் மூலம் தெரியவந்திருக்கிறது. கதை அப்படியே இருக்கும், பாடல் வரிகளை மட்டும் அங்குள்ள ஒருவர் மாற்றி எழுதுவாராம். பாடல்களின் ஒலிப்பதிவுகளும் மாஸ்டரின் மகனுடைய யூடியூப் பக்கத்தில், மாஸ்டரின் பெயரோடு மட்டும், ஏறியிருக்கின்றன. கேட்டபோது, "மெட்டு இல்லாவிட்டால் உங்கட வரி வெறும் கவிதைதானே" என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். கூட்டுப் படைப்பில் ஒருவரின் அனுமதியே போதும் என்று இணையத்தில் படித்ததாக மகன் சொல்லியிருக்கிறார். பதிவு செய்யாத எனக்கு ஏதும் உரிமை உண்டா, டொரொன்டோ மேடையேற்றத்தைத் தடுக்க முடியுமா, என் பாடல்களை வேறு ஒருவரிடம் கொடுத்து மெட்டமைக்கலாமா என்பன இவருடைய கேள்விகள். ஐந்தாவது நாடகம் பாதியில் நிற்கிறது என்பதையும், வழக்கென்று போனால் அது ஒருபோதும் முடியாது என்பதையும் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பெரிய அச்சத்தைப் பார்ப்போம். பதிவு செய்யாததால் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை. இலங்கையில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் முறையே இல்லை. தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வணிகக் குறிகளையும் ஆக்கவுரிமைகளையும் கைத்தொழில் வடிவமைப்புகளையும் பதிகிறதே தவிர, பாடலையோ நாடகத்தையோ பதிவதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவாக்கப்பட்டது என்ற ஒன்றே அதற்குப் பாதுகாப்புக் கிடைக்கப் போதுமானது. அதன் தரமோ நோக்கமோ அங்கே கேள்வியாவதில்லை. ஆகவே மெட்டில்லாத உங்கள் வரி "வெறும் கவிதை" என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கவிதைக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு. மாஸ்டர் அதைக் கோபத்தில் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன், ஆனால் சட்டத்தில் அந்த வார்த்தைக்கு எடை கிடையாது.

பிரதியைப் பதிவுத் தபாலில் உங்களுக்கே அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும்படி உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் தீமை இல்லை, பயனும் அதிகமில்லை. அந்த உறை, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட தாள்கள் இருந்தன என்பதைத்தான் காட்டும், அவற்றை எழுதியவர் யார் என்பதைக் காட்டாது. அடித்தல் திருத்தலோடு உள்ள உங்கள் குறிப்பேடுகள், 'இந்தச் சரணத்தில் ஒரு சீர் கூடுது, குறைச்சுத் தாங்கோ' என்று மாஸ்டர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள், தணிக்கைக்கு அனுப்பிய பிரதியின் நகல் ஆகியவை அதைவிடப் பல மடங்கு வலுவான சான்றுகள். மின்னணுச் செய்திகளுக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இடமளிக்கிறது. கைபேசியை மாற்றுவதற்கு முன் அந்த உரையாடல்களைத் தனியாகச் சேமித்துவிடுங்கள்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது கையேடுகள்தான். ஒரு படைப்பில் வழக்கமான முறையில் யாருடைய பெயர் ஆசிரியராகக் குறிக்கப்பட்டிருக்கிறதோ, மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரே ஆசிரியர் என்று சட்டம் ஊகிக்கிறது. முதல் இரண்டு நாடகங்களில் இந்த ஊகம் உங்கள் பக்கம் நிற்கிறது. மூன்றாவதிலும் நான்காவதிலும் 'ஆக்கம்' என்ற இடத்தில் அவர் பெயர் அச்சாகி, அது உங்கள் கையாலேயே பார்வையாளருக்கு விநியோகிக்கப்பட்டிருக்கிறது. குறிப்பேடுகளைக் காட்டி அந்த ஊகத்தை உடைக்க முடியும், ஆனால் உடைக்கும் சுமை உங்களுடையதாகிவிட்டது. மரியாதை கருதிப் பேசாமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மரியாதை எனக்குப் புரிகிறது. மாஸ்டரின் வயதும் உங்கள் ஊரின் பழக்கமும் தெரிந்த எவருக்கும் புரியும். ஆயினும் இனி அச்சாகும் எந்தத் தாளிலும் 'எழுத்துதவி' என்ற சொல்லுக்கு இடம் கொடுக்காதீர்கள். பெயர் குறிக்கப்படும் உரிமை, பணம் சார்ந்த உரிமைகளிலிருந்து வேறானது. பொருளாதார உரிமைகளை முழுவதுமாக ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், உங்கள் பெயர் காட்டப்பட வேண்டும் என்ற உரிமையும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும் வகையில் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையும் உங்களிடமே தங்கும்.

எது யாருக்குச் சொந்தம்

மாஸ்டரின் மகன் படித்தது பொய்யல்ல, ஆனால் அது வேறு நாட்டின் சட்டம். ஐக்கிய அமெரிக்காவில், ஒன்றிணையும் நோக்கத்தோடு எழுதப்பட்ட சொல்லும் இசையும் ஒரே கூட்டுப் படைப்பாகக் கருதப்படலாம். கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவரைக் கேளாமலே பெறுபவருக்கு மட்டுமே என்று கட்டுப்படுத்தாத (தனியுரிமையற்ற) அனுமதியை வழங்கி, வருமானத்தில் மற்றவரின் பங்கைக் கொடுத்துவிடலாம். நமது சட்டத்தின் 14ஆம் பிரிவு வேறு வழியில் போகிறது. பலர் சேர்ந்து ஆக்கிய படைப்பு தனித்தனியே பயன்படுத்தக்கூடிய பகுதிகளைக் கொண்டதாகவும், ஒவ்வொரு பகுதியின் ஆசிரியரும் அடையாளம் காணக்கூடியவராகவும் இருந்தால், அவரவர் ஆக்கிய பகுதிக்கு அவரவரே உரிமையாளர். உங்கள் கதையையும் உரையாடலையும் வரிகளையும் படிக்கலாம், அச்சிடலாம், வேறு மெட்டில் பாடலாம். அவருடைய மெட்டைச் சொல்லில்லாமல் வாசிக்கலாம். ஆகவே பிரதியும் வரிகளும் உங்களுடையவை, இசை அவருடையது. முழு நாடகத்தை மேடையேற்ற இருவரின் சம்மதமும் வேண்டும்.

இந்திய நிலைமையையும் யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். அங்கே 2012இல் வந்த திருத்தம், திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமைத்தொகைப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தது. அது உங்கள் மேடைக்குப் பொருந்தாது.

இந்த இடத்தில் உங்களையும் திருத்த வேண்டியிருக்கிறது. 'கதையே என்னுடையது என்பதால் மெட்டுகளும் என் நாடகத்துக்குள் அடக்கம், அவற்றை அவர் வெளியே எடுக்கக்கூடாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியல்ல. தம் மெட்டை எடுத்துக்கொண்டுபோய் வேறொருவரின் வரிகளுக்கு, வேறொரு கதையில் பயன்படுத்த மாஸ்டருக்கு உரிமை உண்டு. உங்கள் சொல்லோடு பழகிய மெட்டை வேறு சொல்லோடு கேட்பது எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதே உரிமைதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் தருகிறது: உங்கள் பாடல்களை வேறோர் இசையமைப்பாளரிடம் கொடுத்துப் புதிதாக மெட்டமைக்க உங்களுக்கும் யாரும் தடை போட முடியாது. வரிக்கு மெட்டா, மெட்டுக்கு வரியா, எது முன்னால் வந்தது என்பதும் இங்கே ஒரு பொருட்டல்ல.

இந்தப் பிரிவு எல்லாப் பாடல்களிலும் இத்தனை சுத்தமாக அமையாது. இரண்டாவது நாடகத்தின் தாலாட்டை நீங்களே பாடிக் காட்டியதாகவும், மாஸ்டர் அதைச் சீர்செய்து சரணத்தை வளர்த்ததாகவும் சொல்கிறீர்கள். அந்த ஒரு மெட்டில் இருவரின் கையையும் பிரித்துக் காட்ட முடியாவிட்டால், அந்த இசை இருவருக்கும் கூட்டாகவே சேரும். 'இந்த இடத்தில் கொஞ்சம் வேகமாக வரட்டும்' என்று நீங்கள் சொன்ன யோசனைகள் அப்படிப்பட்டவை அல்ல. எண்ணத்துக்குப் பாதுகாப்புக் கிடையாது, அது வடிவம் பெற்ற பின்தான் உண்டு.

நான்காவது நாடகத்தில் வடமோடிக் கூத்துப் பாடல்களான தருக்களின் மெட்டுகள் சில வருகின்றன அல்லவா? அண்ணாவிமார் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பழக்கிய அந்த மெட்டுகள் மாஸ்டருக்கும் உங்களுக்கும் சொந்தமானவை அல்ல. அவற்றுக்கு அவர் புதிதாகச் சேர்த்த இசைக்கோப்பு மட்டுமே அவருடையது. அவற்றில் நீங்கள் எழுதிய புதிய வரிகள் உங்களுடையவை. கூத்தில் யாரும் உரிமை கேட்பதில்லை என்று உங்கள் சித்தப்பா சொன்னது மரபு மெட்டுகளைப் பொறுத்தவரை நியாயமான பேச்சு, ஆனால் உங்கள் சொந்தப் பிரதிக்கு அதை நீட்ட முடியாது. மரபு வடிவங்களை வணிக நோக்கிலோ அவற்றின் வழக்கமான சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்துவதற்கு 24ஆம் பிரிவில் தனியான ஏற்பாடு இருப்பதால், அந்த நாடகத்தை வெளிநாட்டுக்குக் கொடுக்கும் எண்ணம் வந்தால் அதற்கெனத் தனியாக ஆலோசனை பெறுங்கள்.

பாடசாலைக்காக எழுதிய முதல் நாடகம் குறித்துத் தயக்கம் தெரிகிறது. தொழிலின் போக்கில் ஊழியர் ஆக்கியவற்றின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், தொழில் கொள்பவருக்கே சேரும் என்பது சட்டம். வீட்டில், இரவில், பாடநெறிக்கு வெளியே போட்டிக்காக ஒரு நாடகம் எழுதுவது ஆசிரியரின் கடமைக்குள் அடங்காது என்று வலுவாக வாதிடலாம். ஆனாலும் அதிபரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்தால் அந்த வாதமே தேவைப்படாது.

யூடியூப்பில் ஏறிய ஒலிப்பதிவில் உங்கள் வரி, அவர் மெட்டு, பாடிய பிள்ளைகளின் குரல், பதிவை ஒழுங்குசெய்து செலவழித்தவரின் உரிமை என நான்கு அடுக்குகள் உள்ளன. இவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரியவர் மற்ற மூன்றுக்கும் சேர்த்துத் தீர்மானிக்க இயலாது. இருந்தாலும் நீக்கல் முறைப்பாட்டை உடனே யூடியூப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். விபரக்குறிப்பில் உங்கள் பெயரைச் சேர்க்கும்படி மகனிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு நிமிட வேலை அது, மறுக்க அவருக்குக் காரணமும் இல்லை.

டொரொன்டோ மேடையேற்றம்

மாஸ்டர் அங்கே கொடுக்க நினைப்பது தம் மெட்டுகளை மட்டுமல்ல, உங்கள் கதையையும் உரையாடலையும் சேர்த்துத்தான். பாடல் வரிகளை மாற்றிவிட்டால் உங்கள் பங்கு நீங்கிவிடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும். கதையும் காட்சியும் பாத்திரங்களின் பேச்சும் உங்களுடையவையாக இருக்கும்போது அந்த எண்ணம் நிற்காது. மேடையேற்றம் ஒரு தனி உரிமை, தழுவி மாற்றுவது இன்னொரு தனி உரிமை. இரண்டுக்கும் உங்கள் அனுமதி வேண்டும். அந்த அனுமதி 16ஆம் பிரிவின்படி எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்பதால், 'அவர் ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை' என்பது அனுமதியாகாது.

மேடையேற்றம் கனடாவில் நடப்பதால் அங்கு பொருந்துவது கனேடியச் சட்டம். பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பேர்ன் சமவாயத்தில் இலங்கை 1959 முதல் உறுப்பு நாடு, கனடாவும் உறுப்பு நாடு. எனவே எந்தப் பதிவும் இல்லாமலே உங்கள் பிரதிக்கு அங்கே பாதுகாப்பு உண்டு. ஒருவரின் பங்களிப்பு மற்றவருடையதிலிருந்து வேறுபடுத்த முடியாததாக இருந்தால் மட்டுமே கனேடியச் சட்டம் அதைக் கூட்டுப் படைப்பு என்கிறது. மகனுடைய வாதம் அங்கேயும் உதவாது.

தடுக்கலாமா என்று கேட்டால், தடுக்கலாம். தடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். புலமைச் சொத்து வழக்குகள் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். திருகோணமலையிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர் பயணம், தவணைக்குத் தவணை விடுமுறை, சட்டத்தரணிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினால், உங்கள் நான்கு நாடகங்களின் வருமானமும் அதற்கு ஈடாகாது. வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றத்தில் ஆறு மாதம் வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பதினொரு ஆண்டு உங்கள் பாட்டுக்கு மெட்டுப் போட்ட ஒருவருக்கு எதிராக அந்தக் கதவைத் தட்டச் சொல்ல எனக்கு மனம் வராது, அதற்கான தேவையும் இன்னும் எழவில்லை. ஆனால் சும்மா இருப்பதும் ஆபத்து. டொரொன்டோக் குழு மண்டபத்துக்குப் பணம் கட்டி, ஒத்திகை தொடங்கிய பின் நீங்கள் தடையுத்தரவு கேட்டால், இத்தனை நாள் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்ற கேள்வி வரும். ஆகவே இந்த மாதத்துக்குள் மாஸ்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். டொரொன்டோக் குழுவுக்கு அவரைத் தாண்டி முதலில் எழுத வேண்டாம்.

பணமும் கணக்கும்

'நாங்கள் பாதிக்குப் பாதி பங்காளிகள், அது வாய்ப்பேச்சில் உறுதி' என்கிறீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மூலதனம் ஆயிரம் ரூபாவைத் தாண்டும் பங்குடைமையை நிறுவும் உடன்படிக்கை எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது அது. ஆயிரம் ரூபா இன்று ஒரு திரைச்சீலைத் துணிக்கும் காணாது. பங்காளிகளிடையே நடந்த கொடுக்கல் வாங்கல்களுக்கும் தீர்த்த கணக்குகளுக்கும் வாய்மூலச் சாட்சியத்தைச் சட்டம் முழுவதும் விலக்கவில்லை. என்றாலும் அந்த நம்பிக்கையில் கடந்தகாலப் பணத்தைத் துரத்த நான் சொல்லமாட்டேன்.

இசை நாடக வரலாற்றில் பெயர்பெற்ற ஒரு பிரிவை இங்கே சொல்வது பொருந்தும். இங்கிலாந்தில் பாடலாசிரியர் கில்பர்ட்டும் இசையமைப்பாளர் சலிவனும் 1871 முதல் 1896 வரை பதினான்கு இசை நாடகங்களைச் சேர்ந்து ஆக்கினார்கள். 1890இல் அவர்கள் முறிந்தது அரங்கின் முன்மண்டபத்துக்கு வாங்கிய கம்பளம் ஒன்றின் செலவாலே. செலவு போக இலாபத்தை அரங்க உரிமையாளர் கார்ட்டோடு மூன்றாகப் பங்கிடுவதென்று அவர்களிடம் உடன்படிக்கை இருந்தது. எதைச் செலவாகக் கழிக்கலாம் என்பதில்தான் பிணக்கு. கில்பர்ட் வழக்குத் தொடுத்தார், சலிவன் கார்ட்டின் பக்கம் நின்றார். பின்னர் சமாதானமாகி இரண்டு நாடகங்கள் செய்தார்கள், ஆனால் பழைய வெற்றி திரும்பவில்லை. அவர்களிடமாவது எழுத்தில் ஒன்று இருந்தது.

எழுதிக்கொள்ள வேண்டியவை

ஐந்தாவது நாடகத்திலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. பழைய நாடகங்களைப் பற்றிப் பேசினால் குற்றச்சாட்டுப்போல் ஒலிக்கும், புதியதைப் பற்றிப் பேசினால் ஏற்பாடுபோல் ஒலிக்கும். அதில் ஒப்புக்கொண்ட விதிகளை 'முன்னைய நான்குக்கும் பொருந்தும்' என்ற ஒரு வரியால் பின்னோக்கி நீட்டிக்கொள்ளலாம். எளிய தமிழில் இரண்டு பக்கம் போதும்.

பெயர்: எழுத்தும் பாடலும் உங்கள் பெயரில், இசை அவர் பெயரில், ஒரே அளவு எழுத்தில், கையேடு, சுவரொட்டி, யூடியூப் எல்லாவற்றிலும்.

இணைப்பும் பிரிவும்: பிற நாட்டு இசை நாடக உடன்படிக்கைகளில் வழமையாக உள்ள ஏற்பாடு இது, உங்களுக்கும் நன்றாகப் பொருந்தும். நாடகம் முதல் மேடை காணும் வரை யாரும் தம் பகுதியை எடுத்துக்கொண்டு விலகலாம். மேடையேறிய பின், நாடகமாக அதை எங்கே கொடுப்பதென்றாலும் இருவரின் கையொப்பமும் வேண்டும். தனிப் பாடலாக ஒலிபரப்புவதற்கோ கச்சேரியில் பாடுவதற்கோ வேறு விதி வைத்துக்கொள்ளலாம். மெட்டைப் பிறகு வேறு வரிக்குப் பயன்படுத்துவதா, வரியை வேறு மெட்டுக்குக் கொடுப்பதா என்பதையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். எத்தனை ஆண்டு பொறுப்பது என்று ஒரு கால எல்லை போட்டால் இருவருக்கும் நிம்மதி.

பங்கு: அமெரிக்க மேடைகளில் பிரதி, பாடல், இசை என மூன்றாகப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். அப்படிப் பார்த்தால் இரண்டு பங்கு உங்களுக்கு வரும். ஆனால் மாஸ்டர் பாடகர்களைப் பழக்குகிறார், மேடையையும் நடத்துகிறார், அவை இசையமைப்புக்கு வெளியேயான உழைப்பு. சரிபாதி என்பதே உங்கள் இருவருக்கும் நியாயம் என்று எனக்குப் படுகிறது. செலவாக எதைக் கழிக்கலாம் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

இருவருக்கும் பின்: உரிமை ஆசிரியரின் ஆயுளோடு முடிவதில்லை, மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் நீள்கிறது. மாஸ்டரின் மகனும் உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் இதே மேசையில் உட்கார வேண்டிவரும். யார் யாருக்காக முடிவெடுப்பது என்று ஒரு வரி எழுதுங்கள்.

மாஸ்டருக்கு எழுதும் கடிதம் சட்டத்தரணியின் தாளில் போகவேண்டாம், உங்கள் கையெழுத்திலேயே போகட்டும். அதில் மூன்று செய்திகள் இருந்தால் போதும். மூன்றாவது நாடகத்தின் கதை, உரையாடல், பாடல்கள் உங்களால் எழுதப்பட்டவை என்பதும், எழுத்திலான உங்கள் அனுமதியின்றி அவற்றை மேடையேற்றவோ மாற்றவோ யாருக்கும் நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதும் முதலாவது. டொரொன்டோவில் நாடகம் போவதை நீங்கள் விரும்புகிறீர்கள், உங்கள் பெயரோடும் உங்கள் வரிகளோடும் போகவேண்டும் என்பதே உங்கள் கோரிக்கை, இது இரண்டாவது. மூன்றாவது, ஐந்தாவது நாடகத்தின் வேலையைத் தொடர முன் ஒரு நாள் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிக்கொள்வோம் என்ற அழைப்பு. இவற்றில் இரண்டாவது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். வரிகளை மாற்ற நீங்கள் எந்த நிலையிலும் சம்மதிக்க மாட்டீர்கள் என்றால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் அவருக்கும் நல்லது. கடிதத்தின் நகலொன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே நாளில் நேரில் போயும் சொல்லுங்கள், தபால்காரர் மூலம் அவர் முதன்முதலாக அறிய வேண்டாம்.

மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால், இருவரும் மதிக்கும் ஒருவரை நடுவில் வைத்துப் பேசலாம், அல்லது இருவரும் உடன்பட்டு மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அதுவும் பயன்தராமல் டொரொன்டோவில் திகதி அறிவிக்கப்பட்டுவிட்டால், அப்போது குழுவுக்கு நேரடியாக ஒரு சட்டத்தரணியின் கடிதம் போகவேண்டும், அதற்குத் தாமதிக்காதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்திலும் முதல் ஆலோசனையைப் பெறலாம். போகும்போது நான்கு கையேடுகளையும், குறிப்பேடுகளையும், சேமித்த வாட்ஸ்அப் உரையாடல்களின் அச்சுப் பிரதியையும், செலவுக்குப் பணம் கொடுத்ததற்கான எந்தத் துண்டுச் சீட்டு இருந்தாலும் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது நாடகத்தின் குறிப்பேடு மேலே இருக்கட்டும்.